மணிக்கட்டில் குத்தாமல் கரியமில வாயுவை அளக்க முடியுமா?

இடையில் படிக்க வருகிறவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். அப்பாவுக்கு 63 வயது. இருபது வருடத்துக்கு மேல் கிரானைட் குவாரியில் டிரில்லிங் வேலை, கூடவே பீடி. சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த வருடம் இரண்டு தடவை ஐசியூவில் இருந்துவிட்டு வந்திருக்கிறார். இரண்டு தடவையும் மணிக்கட்டில் குத்தி ரத்தம் எடுத்து, "கரியமில வாயு ஏறியிருக்கு" என்றிருக்கிறார்கள். கை கன்றிப்போய், "இனிமே ஆஸ்பத்திரி பக்கமே வரமாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டார். வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் 2 லிட்டரில் ஓடுகிறது. விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் 95, 96 சதவீதம் காட்டுகிறது. ஆனால் காலையில் எழுந்ததும் தலைவலி, பகலில் பேசிக்கொண்டே இருக்கும்போது தூங்கி விழுகிறார். குத்தாமல் அளக்க வழி உண்டா, ஆன்லைனில் 4,000 ரூபாய்க்கு விற்கும் 'சிஓ2 மீட்டர்' வாங்கலாமா என்று கேட்கிறார் மகள்.

கேட்டிருப்பது கருவியைப் பற்றி. அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது: விரலில் 95 இருக்கும்போது அப்பாவை ஏன் குத்துகிறார்கள்? அதிலிருந்து தொடங்குகிறேன். நான் மயக்க மருத்துவர். தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று அறுவை அரங்குகளிலும் ஐசியூக்களிலும் பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. மூச்சில் வரும் கரியமில வாயுவைத் திரையில் பார்த்துக்கொண்டே இருப்பது என் பிழைப்பு. ஆனால் நுரையீரல் நிபுணர் இல்லை, உங்கள் அப்பாவைப் பார்த்ததும் இல்லை. அளவைகளைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். அவருடைய நோயைப் பற்றி அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் பேச வேண்டும்.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் பார்ப்பது ரத்தத்தின் நிறத்தை. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் பளிச்சென்ற சிவப்பு, ஆக்சிஜனை இறக்கிவிட்டது கருஞ்சிவப்பு. 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் பாய்ச்சி, நாடி துடிக்கும்போது மாறுகிற பங்கை மட்டும் கருவி கணக்கெடுக்கிறது. 1974இல் ஜப்பானின் டகுவோ அவோயாகி வெளியிட்ட சூட்சுமம் இதுதான். கரியமில வாயுவுக்கு அப்படி ஒரு நிறம் கிடையாது. ரத்தத்தில் அதன் பெரும்பங்கு, ஏறக்குறைய 70 சதவீதம், பைகார்பனேட்டாக ஓடுகிறது. ஒரு பங்கு ஹீமோகுளோபினின் புரதத்தில் ஒட்டிக்கொள்கிறது, ஆனால் அந்தச் சிவப்பைத் தொடுவதில்லை. மிச்சம் கொஞ்சம் அப்படியே கரைந்திருக்கிறது. அதனால் விரலில் விளக்கடித்துக் கரியமில வாயுவைச் சொல்கிற, நம்பி வாங்கக்கூடிய கருவி எதுவும் இல்லை. வாட்சில் வருகிறதே என்றால், அதில் வருவது ஆக்சிஜன் எண்.

நம் பக்கத்தில் கிணறு தூர்வாரப் போகிறவர்கள், இறங்கும் முன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். அணைந்தால் இறங்கமாட்டார்கள். மேலிருந்து ஒரு குழாயில் ஆக்சிஜனை விட்டுக்கொண்டே அந்த விளக்கை இறக்கினால் என்ன ஆகும்? ஜோராக எரியும். கீழே வேறு என்ன தேங்கிக் கிடக்கிறது என்பதை மறைத்தும்விடும். கான்சன்ட்ரேட்டர் ஓடும்போது உங்கள் அப்பாவின் விரலில் தெரிகிற 95 அந்த விளக்கு.

இதைக் கணக்காகவே காட்டலாம், ஏனென்றால் இந்த விஷயத்தில் சந்தேகமே இல்லாத பகுதி இதுதான். அளவுகளைப் பாதரச மில்லிமீட்டரில் சொல்கிறேன், இனி எண் மட்டும். தமனி ரத்தத்தில் கரியமில வாயு இயல்பாக 35 முதல் 45. நுரையீரலின் காற்றறை, கூட்டம் நிறைந்த டவுன் பஸ் மாதிரி. உள்ளே மொத்த இடம் இவ்வளவுதான், ஒருவர் அதிகம் பிடித்தால் மற்றவருக்குக் குறையும். கடல்மட்டத்தில் வெறும் காற்றைச் சுவாசிப்பவருக்கு, ஈரப்பதம் போக 150 அளவு ஆக்சிஜன் உள்ளே வருகிறது. கரியமில வாயு 40 என்றால், அதை 0.8ஆல் வகுத்த 50ஐக் கழிக்க வேண்டும், காற்றறையில் ஆக்சிஜன் 100 நிற்கும். கரியமில வாயு 80 ஆனால் கழிக்க வேண்டியது 100, நிற்பது வெறும் 50. அந்த நிலையில் விரல் கருவி 85ஐத் தாண்டுவது அரிது, யாரானாலும் பதறி ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடுவார்கள். இப்போது மூக்கில் 2 லிட்டர் ஆக்சிஜன் வையுங்கள். சுவாசக் காற்றில் ஆக்சிஜன் சுமார் 28 சதவீதம் ஆகிறது, உள்ளே வருவது 200. கரியமில வாயு அதே 80தான், அதே 100ஐக் கழித்தாலும் 100 மிச்சம் நிற்கிறது. விரலில் 95. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

ஆகவே ஆக்சிஜன் இல்லாமல் வெறும் காற்றில் 95 காட்டுகிறவருக்குக் கரியமில வாயு மிக மோசமாக ஏறியிருக்க வாய்ப்பு குறைவு என்று ஆக்சிமீட்டரை வைத்தே ஓரளவு சொல்லலாம். ஆக்சிஜன் வைத்த பிறகு அதே கருவி இந்த விஷயத்தில் ஊமையாகிவிடுகிறது. இதற்காக யாரும் வீட்டில் ஆக்சிஜனைக் கழற்றிச் சோதித்துப் பார்க்க வேண்டாம், அது விபரீதம்.

அடுத்து மூச்சு. கரியமில வாயு அகச்சிவப்பு ஒளியை விழுங்கும். 1859இல் தொடங்கி ஜான் டிண்டால் வாயுக்களின் இந்தக் குணத்தை ஆராய்ந்தார். 4.26 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் அது விழுங்குவதை அளந்து, வெளிவிடும் ஒவ்வொரு மூச்சிலும் எவ்வளவு இருக்கிறது என்று கோடு வரைகிற கருவிக்கு காப்னோகிராஃப் என்று பெயர். மயக்கம் கொடுக்கும்போது இது இல்லாமல் நான் வேலையைத் தொடங்குவதில்லை. மூக்கில் ஒரு சன்னமான குழாய் வைத்தால் போதும், ஊசி கிடையாது. மூச்சின் கடைசித் துளியில் வரும் அளவை 'எண்ட் டைடல்' என்போம். நுரையீரல் நன்றாக இருப்பவருக்கு அது தமனி அளவைவிட 2 முதல் 5 வரை குறைவாக இருக்கும். எனவே திரையில் 36 என்றால் ரத்தத்தில் 40 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

சிக்கல் என்னவென்றால், நுரையீரல் நன்றாக இருப்பவருக்கு இந்த எண் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. தேவைப்படுகிற உங்கள் அப்பா போன்றவர்களிடம்தான் அது கைவிடுகிறது. சிஓபிடியில் பல காற்றறைகளுக்குக் காற்று போகும், ரத்தம் போகாது. அங்கே போன காற்று கரியமில வாயு எதையும் ஏற்றிக்கொள்ளாமல் வெறுமனே திரும்புகிறது. நல்ல அறைகளிலிருந்து வரும் காற்றோடு அது கலக்கும்போது பாலில் தண்ணீர் கலந்த கதை ஆகிறது. சொசைட்டியில் லாக்டோமீட்டர் காட்டுவது கேனில் இருக்கும் பாலை, மாட்டின் மடியில் இருந்த பாலை அல்லவே. தமனிக்கும் மூச்சுக்கும் உள்ள இடைவெளி 10, 20 என்று விரியும், சிலரிடம் அதற்கும் மேல். நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்தாலும், ரத்த அழுத்தம் விழுந்தாலும் இதே கதிதான். இடைவெளி எல்லா நேரமும் ஒரே அளவாக இருந்தாலாவது கூட்டிக்கொள்ளலாம். அதுவும் இல்லை, நோய் ஏற இறங்க அதுவும் மாறும். மூக்குக் குழாய் வழியே ஆக்சிஜனும் போய்க்கொண்டிருந்தால், அல்லது நோயாளி வாயால் மூச்சுவிட்டால், எண் இன்னும் கீழே போகும். முழுமூச்சையும் கடைசிவரை ஊதி வெளிவிடச் சொன்னால் கொஞ்சம் உண்மைக்கு அருகில் வரும். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறவரிடம் அதைக் கேட்க முடியாது.

இதில் நான் சூடுபட்டவன். ஒன்பது வருடம் இருக்கும். இரவு, ஒரு தனியார் மருத்துவமனை. மூச்சுத் திணறலோடு ஒரு பெரியவர் வந்தார். மூக்கில் குழாய் வைத்தேன், காப்னோகிராஃப் 39 காட்டியது. இயல்பான எண். ஏபிஜி, அதாவது மணிக்கட்டில் குத்தி எடுக்கும் தமனி ரத்தப் பரிசோதனை, காலையில் எடுத்துக்கொள்ளலாம், தூங்கட்டும் என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். அரைமணி நேரம் கழித்து நர்ஸ் வந்து, "சார், கை நீட்டச் சொன்னேன், கோழி சிறகடிக்கிற மாதிரி உதறுது. ஒருதடவ வந்து பாருங்க" என்றார். ரத்தம் எடுத்தோம். 74. அவர் அசந்து தூங்கியது களைப்பால் அல்ல. காற்றை அழுத்தத்தோடு உள்ளே தள்ளி மூச்சுக்கு உதவும் பைபாப் முகமூடி போட்டு மூன்று மணி நேரத்தில் கண் திறந்தார். கருவி பொய் சொல்லவில்லை, மூச்சில் இருந்தது 39தான். நான்தான் அதை ரத்தத்தின் எண்ணாக எடுத்துக்கொண்டேன்.

அதற்காகக் காப்னோகிராஃபைத் தூக்கிப் போட முடியாது. எண் ஏமாற்றினாலும் கோட்டின் வடிவம் ஏமாற்றுவது குறைவு. இயல்பான மூச்சு, பெட்டி மாதிரி நட்டுக்குத்தலாக ஏறி, மேலே சமமாக ஓடி, சட்டென்று இறங்கும். மூச்சுக்குழாய் அடைப்புள்ளவருக்கு அந்தச் சமதளம் இருக்காது. தொப்பூர் கணவாயில் லோடு லாரி ஏறுகிற மாதிரி கடைசிவரை ஏறிக்கொண்டே இருக்கும். இன்னொன்று: எண் குறைவாகக் காட்டத்தான் வாய்ப்பு அதிகம், கூடுதலாகக் காட்டுவது அபூர்வம். எனவே மூச்சில் 39 வந்தால் நம்பக்கூடாது, 60 வந்தால் நம்பலாம். ரத்தத்தில் அதற்குக் குறையாமல் இருக்கிறது என்று பொருள். நாங்கள் போடும் செயற்கைச் சுவாசக் குழாய் சரியாக மூச்சுக்குழலில்தான் இறங்கியிருக்கிறதா, மயக்கத்தில் இருப்பவர் மூச்சுவிடுகிறாரா போன்ற கேள்விகளுக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

ஆன்லைனில் விற்கும் அந்த மீட்டரை வாங்காதீர்கள். அது அறைக் காற்றை அளப்பது. வகுப்பறையில் ஜன்னல் திறக்க வேண்டுமா என்று பார்க்க உதவும். வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் 420 சொச்சம் பங்கு கரியமில வாயு இருக்கிறது. நம் மூச்சின் கடைசியில் வருவதோ 40,000, 50,000 பங்கு. இந்த மீட்டர்களில் பல 5,000இலேயே முடிந்துவிடும். அதில் வாய்வைத்து ஊதினால், கலியாண மண்டபத்து அரிசி மூட்டையைத் தபால் தராசில் வைத்த கதைதான். சதவீதத்தில் காட்டும் கருவி கிடைத்தாலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றழுத்தம் 680 சொச்சம்தான். மூச்சில் 5 சதவீதம் என்பது சென்னையில் 36 என்றால் ஓசூரில் 32. சதவீதத்தை அப்படியே புத்தகக் கணக்கில் மாற்றுகிறவர்கள் இதில் வழுக்குவார்கள். மருத்துவமனைக் கருவிகள் அழுத்தத்தைத் தாங்களே சரிசெய்துகொள்ளும்.

மூன்றாவது வழி தோல். நீங்கள் கேட்டதற்கு மிக நெருக்கமான பதில் இதுதான், நம் பக்கத்தில் கிடைப்பதும் இதுதான் அரிது. காது மடலிலோ மார்பிலோ ஒரு சிறு வில்லையை ஒட்டுவார்கள். அது தோலை 42 டிகிரி அளவுக்குச் சூடாக்கும். கீழே உள்ள நுண்குழாய்கள் விரியும், கரியமில வாயு தோல் வழியே கசிந்து ஒரு சவ்வைத் தாண்டி உள்ளே இருக்கும் கரைசலில் கரையும். கரைசலின் அமிலத்தன்மை எவ்வளவு மாறுகிறதோ அதுவே கணக்கு. 1954இல் ரிச்சர்ட் ஸ்டோ உருவாக்கி, அடுத்த சில ஆண்டுகளில் ஜான் செவரிங்ஹாஸ் செப்பனிட்ட மின்முனை இது. ஏபிஜி கருவிக்குள் உட்கார்ந்து ரத்தத்தை அளப்பதும் அதன் உறவுதான். சூட்டினால் வாயு அழுத்தம் டிகிரிக்கு 4.5 சதவீதம் கூடும், தோலும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். இரண்டையும் கருவியே கழித்துக்கொண்டு காட்டும். ஒளியின் நிறத்தைப் பார்த்து அளப்பதல்ல என்பதால், கருத்த தோலில் ஆக்சிமீட்டர் சற்றுக் கூட்டிக் காட்டுகிற தொல்லை இதற்கு இல்லை.

நுரையீரலின் கோளாறு குறுக்கே வராததால் சிஓபிடிக்காரர்களிடம் மூச்சைவிடத் தோல் அளவை பெரும்பாலும் நெருக்கமாக இருக்கும். ஆனால் நெருக்கம் என்றால் எவ்வளவு? தமனி அளவிலிருந்து 7.5 மேலோ கீழோ போனால் பரவாயில்லை என்று துறையில் ஒரு வழக்கம். ஒட்டிய பிறகு எண் நிலைக்கப் பத்து நிமிடம் போல ஆகும். ரத்தத்தில் நடப்பது தோலில் தெரியச் சில நிமிடங்கள் பிந்தும். சூடு என்பதால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும், இல்லையேல் தோல் சிவந்து புண்ணாகும். இரவு முழுக்க ஓடினால் எண் மெல்ல நழுவும். கால் கை வீங்கியிருந்தாலோ, விழுந்த ரத்த அழுத்தத்தை ஏற்ற மருந்து ஓடிக்கொண்டிருந்தாலோ நம்ப முடியாது. பச்சிளம் குழந்தைகள் பிரிவிலும் தூக்க ஆய்வு அறைகளிலும் இதற்கு மவுசு. தூக்கத்தில் 55க்கு மேல் பத்து நிமிடம் நின்றாலோ, விழித்திருந்தபோது இருந்ததைவிடப் 10 கூடி 50ஐத் தாண்டிப் பத்து நிமிடம் நின்றாலோ, அவர் தூக்கத்தில் போதிய மூச்சு விடுவதில்லை என்று முடிவு செய்வார்கள். ராத்திரி முழுக்கத் தூங்கவிட்டுப் பார்ப்பதற்கு ஊசி உதவாது, குத்தினால் எழுந்துவிடுவாரே. நான் இதைக் கையாண்டது பெங்களூரில் பயிற்சியில் இருந்தபோது. விலை லட்சங்களில் போகும், வாயு சிலிண்டர், சவ்வு என்று தொடர்ச் செலவும் உண்டு. வீட்டுக்கு வாங்குகிற பொருள் அல்ல.

குத்தாமல் என்பதைக் கொஞ்சம் தளர்த்தி, மணிக்கட்டுத் தமனியில் குத்தாமல் என்று வைத்துக்கொண்டால் வழி நிறைய திறக்கிறது. உங்கள் அப்பாவுக்கு உடனே பயன்படப்போவது இதுதான் என்று நினைக்கிறேன். முதலாவது, முழங்கையில் சாதாரணமாக எடுக்கும் சிரை ரத்தம். அதே கருவியில் போட்டால் கரியமில வாயு தமனியைவிடச் சராசரியாக 4 முதல் 6 கூடுதலாகக் காட்டும். சிரையில் 45க்குக் கீழே இருந்தால் தமனியில் ஏறியிருக்க வாய்ப்பு ஏறக்குறைய இல்லை, மணிக்கட்டை விட்டுவிடலாம். 45க்கு மேல் போனால், எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அது சரியாகச் சொல்லாது, அப்போது தமனி வேண்டும். அடுத்தது காது மடல். சூடேற்றும் களிம்பு தடவி, சிறு கீறலில் நுண்குழாய் ரத்தம் எடுப்பது. கரியமில வாயுவுக்கு இது தமனி அளவோடு நன்றாக ஒத்துப்போகும், ஆக்சிஜனுக்கு அவ்வளவாகப் போகாது. எடுக்கக் கைப்பழக்கம் வேண்டும், எல்லா இடத்திலும் செய்யமாட்டார்கள்.

மூன்றாவது, ரத்தத்தின் உப்புச்சத்துப் (எலக்ட்ரோலைட்) பரிசோதனையில் வரும் பைகார்பனேட். நாள்பட்டுக் கரியமில வாயு தேங்கினால் சிறுநீரகம் பைகார்பனேட்டைச் சேர்த்து வைத்து ஈடுகட்டும். உடல் பருமனானவர்களிடம் அது லிட்டருக்கு 27 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால், பருமனால் மூச்சு குறைகிற நோய் இருக்க வாய்ப்பு குறைவு என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் நீர் மாத்திரை சாப்பிட்டாலும், வாந்தி எடுத்தாலும் பைகார்பனேட் ஏறும். இந்த எண்ணைத் தப்பாகப் படித்ததில் ஒரு பெரிய கதையே உண்டு. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்கள் கூட்டமாக வந்தார்கள். ரத்தத்தில் மொத்தக் கரியமில வாயுச் சத்து மிகுந்திருந்தது. அதில் பெரும்பங்கு பைகார்பனேட் என்ற காரம் என்பதால், ஏதோ காரத்தன்மை கூடிவிட்டது என்று மருத்துவர்கள் குழம்பினார்கள். மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சன் அதைப் புரட்டிப் போட்டார்: இது காரம் கூடியது அல்ல, இவர்கள் மூச்சுவிடாததால் வாயு தேங்கியிருக்கிறது. ஆகஸ்ட் 27 அன்று 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டு, கையால் பையை அழுத்திக் காற்றுக் கொடுத்துக் காட்டினார். அதன் பிறகு சுமார் 1,500 மாணவர்கள் முறைபோட்டு, மாதக்கணக்கில் பை அழுத்தினார்கள். எங்கள் துறைக்காரர் என்பதால் எனக்குக் கொஞ்சம் பெருமை, மறைக்கவில்லை.

அறிகுறிகளை வைத்துச் சொல்ல முடியாதா என்று கேட்பீர்கள். காலைத் தலைவலி, பகல் தூக்கம், சூடான உள்ளங்கை, துள்ளும் நாடி, கையுதறல், பேச்சில் குழப்பம் எல்லாம் கரியமில வாயு ஏறியதற்கு அடையாளங்கள்தாம். இருந்தால் சந்தேகப்பட வேண்டும், இல்லையென்று நிம்மதி அடையக்கூடாது. மாதக்கணக்கில் 60இல் வாழ்ந்து பழகியவர் டீக்கடையில் அரசியல் பேசிக்கொண்டிருப்பார். நீங்கள் எழுதியிருக்கும் தலைவலியும் தூக்கமும் எனக்குக் கவலை தருகின்றன. அதோடு 2 லிட்டரில் 95, 96 என்பதும். இவரைப் போல வாயு தேங்கும் சிஓபிடி நோயாளிகளுக்கு விரல் கருவியில் இலக்கு 88 முதல் 92 சதவீதம் வரை. ஆக்சிஜன் மிகுந்தால் நுரையீரலுக்குள் ரத்தம் தப்பான இடங்களுக்குத் திரும்பும், ஹீமோகுளோபினும் கரியமில வாயுவை இறக்கிவிடும், அளவு ஏறும். மூச்சு நின்றுவிடும் என்று பழைய பாடத்தில் படித்தது முழுக்கதை அல்ல. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்சிலேயே இந்த இலக்கைக் கடைப்பிடித்துப் பார்த்தார்கள், 2010இல் முடிவு வந்தது. தாராளமாக ஆக்சிஜன் கொடுத்தவர்களோடு ஒப்பிட இறப்பு பாதிக்கும் கீழே போயிருந்தது. நீங்களாகக் குமிழைத் திருக வேண்டாம், கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். இந்த வாரமே அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் இந்த எண்களைச் சொல்லி, எத்தனை லிட்டர், எந்த இலக்கு என்று எழுதி வாங்குங்கள். எழுப்பினால் எழாத தூக்கம், குழறல், உதறல், உதடு நீலம் என்றால் வாரத்துக்குக் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். வருகிறவர்களிடம் "இவருக்குக் கரியமில வாயு தேங்கும்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இவ்வளவு வழிகள் இருந்தும் மணிக்கட்டு ஊசி ஏன் ஒழியவில்லை? மாட்டைக் கட்ட முதலில் முளை அடிக்க வேண்டும், பிறகுதான் கயிறு. ஒரு தடவை தமனியில் எடுத்து, அதே நேரம் மூச்சிலோ தோலிலோ சிரையிலோ எவ்வளவு என்று குறித்துக்கொண்டால், அடுத்த சில மணி நேரத்துக்கு ஏறுகிறதா இறங்குகிறதா என்று குத்தாமலே பார்த்துக்கொண்டு போகலாம். முளையே இல்லாமல் கயிற்றை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் என் 39 கதைதான். வேறொரு காரணமும் உண்டு. வீட்டுக்கு பைபாப் தேவையா என்ற முடிவு அந்த எண்ணில் தொங்குகிறது. 2017இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வில், ஆஸ்பத்திரியிலிருந்து தேறி இரண்டு முதல் நான்கு வாரம் கழித்தும் 53க்கு மேல் நின்றவர்களுக்கு ஆக்சிஜனோடு இரவில் முகமூடிக் கருவியும் கொடுத்தார்கள். மறுபடி சேர வேண்டிவருவதோ இறப்போ நேர ஆன காலம், ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களுக்கு 1.4 மாதம், இவர்களுக்கு 4.3 மாதம். இரண்டு தடவை ஐசியூ போய்வந்தவருக்கு இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும், அதற்கு ஒரு நல்ல ஏபிஜி வேண்டும்.

நல்ல என்று சொன்னதற்குக் காரணம், அந்த ஊசியும் தப்பு செய்யும். சிரிஞ்சில் காற்றுக்குமிழ் இருந்தால் எண் குறையும், மே மாத வெயிலில் லேபுக்குப் போக அரைமணிக்கு மேல் ஆனால் கூடும், வலியில் மூச்சு வாங்கினால் அந்த நேரத்துக்குக் குறையும். வலியைக் குறைக்க வழி இருக்கிறது, தயங்காமல் கேளுங்கள். குத்தும் இடத்தில் முதலில் சன்ன ஊசியில் லிக்னோகெய்ன் போட்டு மரத்துப்போகச் செய்யலாம். அவசரத்தில் பலரும் விட்டுவிடுகிறார்கள், நானும் விட்டிருக்கிறேன். ஐசியூவில் அடிக்கடி எடுக்க வேண்டியிருந்தால் ஒரே தடவையில் தமனிக் குழாய் போட்டுவிடுவது நல்லது, பிறகு குத்தலே இல்லை. எந்தக் கை என்பதை அப்பாவே சொல்லட்டும். சாப்பிடுகிற கையை விட்டுவிடச் சொல்லுங்கள். கை கன்றிப்போனதற்குப் பெரும்பாலும் காரணம் குத்தியது அல்ல, குத்திய பிறகு போதுமான நேரம் அழுத்திப் பிடிக்காதது. ஐந்து நிமிடம், இடையில் எடுத்து எட்டிப் பார்க்காமல் அழுத்த வேண்டும். நர்சை அடுத்த படுக்கைக்குக் கூப்பிட்டார்கள் என்றால் அந்தப் பஞ்சை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.